நின்ற பம்பின் முன்னால் பாடிய பதிகம்

கரிமணல் அகழ்ந்த கொம்பனி மூடிப்போன பின்னும் நாங்கள் சில குடும்பங்கள் அக்கடற்கரையிலேயே இருந்தோம். கிணறுகள் யாவும் உவர். கொம்பனியின் பம்பு ஒன்றே குடிநீர் தந்திருந்தது. அதுவும் நின்றுவிட்டது. ஆண்டுதோறும் ஆயுதபூசையன்று அதற்குச் சந்தனம் சாத்தி, நான் பதிகம் பாடி முடித்த பின்பே ஓட்டுவார்கள். அவ்வாண்டும் பெண்கள் குடங்களோடு வந்து நின்றனர்.

“பாடுங்கோ ஐயா, தண்ணி வரும்” என்றாள் ஒருத்தி.

பம்பு ஓட்டியவன் சிரித்தான். “எஞ்சினையே கழட்டிக்கொண்டு போயிட்டாங்கள் அக்கா. சிவனே வந்தாலும் ஏலாது.”

“நீ வாயைப் பொத்து தம்பி. தலையிலை கங்கையை வச்சிருக்கிறவருக்கு ஒரு குடம் தண்ணி பெரிசோ?”

நான் கடைசிப் பாட்டு வரை பாடினேன். முடித்த பின்னும் எவரும் வெறுங்குடத்தைத் தூக்கிக்கொண்டு திரும்பவில்லை. வேறொன்றும் செய்ய அறியாமல், மீண்டும் முதற் பாட்டைத் தொடங்கினேன்.