நகர்த்தி வைத்த புள்ளி

இரண்டு வாரங்களுக்கு முன் மங்கலத்தில் ஒரு வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். மாலை நேரம். தறிக்குடோனிலும் பனியன் கம்பெனியிலும் வேலை முடித்த ஜனங்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். வாசலில் பெரிய எவர்சில்வர் பாத்திரம் நிறைய இட்லி மாவு.

வழக்கமாக அந்த நேரத்தில் அங்கே கால் வைக்க இடமிருக்காது. சரசக்கா மாவுக்குத் தெருவில் அப்படி ஒரு பெயர். கணவர் போன பிறகு ஒரே ஒரு கிரைண்டரை நம்பிப் பிழைக்கிறவர்.

அன்று வாசலில் நின்றது இரண்டே பேர். நானும் நித்யாவும்.

நித்யா, பல்லடத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண். ஆராய்ச்சி மாணவி. ஜிஐஎஸ் என்கிறார்களே — எது எங்கே இருக்கிறது என்பதைக் கம்ப்யூட்டரில் வரைபடங்களாக்கி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கிற படிப்பு. ஒரு படத்தில் தறிக்குடோன்கள். இன்னொன்றில் வீடுகள். அதன் மேல் நோய். பஞ்சுத் தூசி பறக்கும் குடோன்களை ஒட்டி இருப்பவர்களுக்கு நெஞ்சு நோய் அதிகமாக வருகிறதா என்று அவள் பார்க்க நினைத்தாள்.

அதற்காக மங்கலத்தில் சில தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். நான் பிறந்து வளர்ந்த பக்கம் என்பதால் முதலில் சில நாள் துணைக்குப் போனேன். இருமலைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். டி.பி. என்ற வார்த்தை வந்ததும் குரல் தாழ்ந்துவிடும். கதவைச் சாத்திவிட்டுத்தான் சொல்வார்கள். "உங்க பேரு வராதுங்க. வீடு எதுன்னும் தெரியாதுங்க" என்று ஒவ்வொருவரிடமும் நித்யா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாள்.

அந்த வாக்கைக் காப்பாற்ற ஒரு முறை உண்டாம். நோயாளியின் வீட்டுக்கு வைத்த புள்ளியை உண்மையான இடத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்துவிடுவார்கள். எந்தப் பக்கம் தள்ளுவது என்பதைச் சீட்டுக் குலுக்குவது போலக் கம்ப்யூட்டரே முடிவு செய்யும். நோய் எந்தப் பகுதியில் கூடுதல் என்பது தெரியும். யார் வீடு என்பது தெரியாது.

நல்ல யோசனைதானே? எனக்கும் அப்படித்தான் பட்டது.

ஆனால், தள்ளி வைத்த புள்ளியும் எங்காவது போய் உட்கார்ந்தாக வேண்டுமே...

ஊர் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். நெஞ்சுப் பரிசோதனைக்கு வண்டி வரவழைக்க வேண்டும், குடோன்களில் தூசியை வெளியே தள்ள ஃபேன் மாட்டச் சொல்ல வேண்டும் என்று பேசத்தான் அது. நித்யா திரையில் தன் வரைபடத்தைக் காட்டினாள். வெறும் கோடுகள் ஜனங்களுக்குப் புரியாது என்று நினைத்து, பின்னணியில் சாட்டிலைட் படத்தைப் போட்டிருந்தாள். ஒவ்வொரு கூரையும் தெரிந்தது. மேலே சிவப்புப் புள்ளிகள்.

யாரோ அதைச் செல்போனில் படமெடுத்தார். கொஞ்ச நேரத்தில் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்புக்கு அது வந்துவிட்டது. விரல்களால் பெரிதாக்கிப் பார்த்தார்கள். பல புள்ளிகள் சாலையிலும் காலி இடத்திலும் விழுந்திருந்தன. ஒன்று மட்டும், நீல நிறத் தகரக் கூரை ஒன்றின் நட்டநடுவில். தெருவில் நீலக் கூரை ஒரே வீட்டுக்குத்தான்.

"அந்தப் படம் வந்ததுலிருந்து ஒருத்தரும் வர்றதில்லீங்க்கா" என்றார் சரசக்கா என்னிடம். "மாவைப் பூராம் பக்கத்து ஊட்டு மாட்டுக்குத்தான் ஊத்தறனுங்க. மாடு குடிக்குதுங்க. மனுசருதான் பயப்படறாங்க."

நித்யாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அக்கா, அது உங்க வீட்டுப் புள்ளியே இல்லீங்க. கம்ப்யூட்டர் தள்ளி வெச்சதுங்க" என்று ஆரம்பித்து முழுவதையும் சொன்னாள். சரசக்கா குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப எனக்கில்லைன்னு உனக்குத் தெரியும்."

"தெரியுங்க்கா."

"யாருக்குன்னும் தெரியும்."

நித்யா தலையாட்டினாள்.

"சொல்லு அம்மிணி. யாரு ஊட்டுப் புள்ளி எந்தலைமேல வந்து உக்காந்துச்சு?"

"சொல்ல முடியாதுங்க்கா. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"அவங்களுக்குக் குடுத்தே, செரி. எனக்கு?"

சொல்லித் தொலையேன் என்று என் வாய் வரைக்கும் வந்தது. ஒரு பெயர். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் இந்த வாசலுக்குக் கூட்டம் திரும்பிவிடும்.

சரசக்கா பாத்திரத்தை மூடி வைத்தார்.

"வேண்டாம் கண்ணு. சொல்லீராத. இங்க நடக்கறது நாளைக்கு அங்க நடக்கும். எனக்காச்சும் சொந்த ஊடு. அவங்க வாடகைக்கு இருந்தாங்கன்னா சாமானத்தைத் தூக்கிட்டு ரோட்டுலதான நிக்கோணும்?"

திரும்பி வரும்போது பஸ்ஸில் நித்யா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். நான் தடுக்கவில்லை.

அன்றே குரூப்பில் விளக்கம் எழுதினாள். யாரும் நம்பவில்லை. மறைக்கிறார்கள் என்றார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுகாதார நிலையத்திலிருந்து ஒரு நர்ஸம்மாவை அழைத்துக்கொண்டு மறுபடி போனோம். குழாயடியில் நின்ற பெண்களிடம் அவர் பொறுமையாகச் சொன்னார். மாவில் டி.பி. பரவாது. அதுவும் இந்த அம்மாவுக்கு நோயே கிடையாது.

"ஆமாங்க... செரிங்க..." என்றார்கள் எல்லோரும். மரியாதைக்குக் குறைவே இல்லை. ஆனால் ஒருவர்கூடச் சரசக்கா வாசல் பக்கம் நகரவில்லை.

அப்போதுதான் அந்த மனிதர் வந்தார். முகக்கவசம் அணிந்திருந்தார். கையில் மாவு வாங்க ஒரு தூக்குப்போசி. சேசுராஜ் — திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்து தறி ஓட்டுகிறவர். வாசலுக்குக் கொஞ்சம் எட்டவே நின்று, "மாவு தாங்கக்கா" என்றார். பின்னால் அவர் மனைவி பாக்கியம், சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

மாவை வாங்கிக்கொண்டு குழாயடிப் பக்கம் திரும்பினார்.

"டி.பி. எனக்குத்தான். மாத்திர தின்னுட்டுத்தான் இருக்கேன். சளியில இப்ப கிருமி இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாரு. இந்த அக்காவுக்கு ஒண்ணுங் கெடையாது. சும்மா அவங்களப் போட்டு ஏன் இந்தப் பாடு படுத்துதிய?"

குடம் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. குழாயை மூடக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

எல்லோரும் நித்யாவைப் பார்த்தார்கள். அவள் தலையை அசைக்கவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவரே சொன்ன பிறகும் அவள் வாயிலிருந்து அது வரக்கூடாது அல்லவா?

சரசக்காதான் முதலில் பேசினார். "ஏம்ப்பா... எனக்காகவா சொன்னே?"

பாக்கியம்தான் பதில் சொன்னாள். "சொல்லாண்டாம்னு நாந்தான் தடுத்தேங்க்கா. இவுகளுக்குச் சோறு எறங்கல."

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று எழுத ஆசைதான். தறி ஓனர் ஒன்றும் சொல்லவில்லை — இன்றைக்கு ஆள் கிடைப்பது அவ்வளவு கஷ்டம். ஆனால் சேசுராஜின் வீட்டு ஓனர் காலி செய்யச் சொன்னார். சரசக்கா நேரில் போய் நின்றார். "எங்கூட்டு மேல புள்ளி வெச்சப்ப எனக்காகப் பேச ஆளில்லீங்க. இவங்களுக்கு நான் பேசறனுங்க" என்றாராம். மாத்திரை முடிகிறவரை இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார் ஓனர். 'பார்க்கலாம்' எங்கள் பக்கத்தில் மிகவும் மரியாதையான வார்த்தை. அதற்கு என்ன அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

மாவுக்குக் கூட்டம் திரும்பி வருகிறது. முழுக்க அல்ல. சில வீட்டுக்காரர்கள் இன்னும் அடுத்த தெருவுக்கு நடக்கிறார்கள். நித்யா புள்ளிகளையும் கூரைகளையும் எடுத்துவிட்டாள். இப்போது பல தெருக்களைச் சேர்த்து ஒரே நிறம் பூசுகிறாள். படம் முன்னைப் போலத் துல்லியமாக இல்லை என்று அவளுடைய பேராசிரியருக்கு வருத்தமாம். இருக்கட்டும். பரிசோதனை வண்டி வரப்போகிறது. அதற்கு இந்தத் துல்லியம் போதுமானதாக இருந்திருக்கிறது.

இந்தப் பத்தியில் எல்லோர் பெயரையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்த பிறகுதான் பயம் வருகிறது... மங்கலத்தில் நிஜமாகவே ஒரு சரசக்கா மாவு விற்றுக்கொண்டிருந்தால், அவர் இவர் இல்லை — தயவுசெய்து போய் வாங்குங்கள்.