அத்தானின் சத்த அறை

அக்கா வீட்டுக்காரருக்குப் பாம்புக் காது. வேலை, லிஃப்ட் ரிப்பேர். கீழே நின்றபடியே, மேலே எந்த மாடியில் கதவு உரசுகிறது என்று சொல்லிவிடுவார். இது போதாதென்று சத்தம் சேர்க்கிற பைத்தியம் வேறு. கதவு கிறீச்சிடுவது, மிக்ஸி சுற்றுவது, படிக்கட்டில் செருப்பு தேய்வது என்று எல்லாவற்றையும் செல்போனில் பிடித்து, கம்ப்யூட்டரில் கோத்து, இசை என்பார். குடும்பமே சிரிக்கும். அக்கா மட்டும் சிரிக்கவும் மாட்டாள், உட்கார்ந்து கேட்கவும் மாட்டாள்.

அந்தப் பைத்தியத்துக்கும் ஒரு காலம் வந்தது. ஒரு கலைக்கூடத்தில் அவருக்கு இருட்டறை ஒன்றும் ஆள் உயர ஸ்பீக்கர்களும் கொடுத்தார்கள். வருகிறவர்கள் உள்ளே உட்கார்ந்து கேட்கலாம். மாலையில் திறப்பு. மதியம் சோதித்துப் பார்க்க நானும் துணைக்குப் போனேன்.

முதலில் லிஃப்ட் முனகியது. பிறகு அவர்கள் வீட்டுக் குளியலறைக் குழாய் ஓட ஆரம்பித்தது. மற்ற சத்தமெல்லாம் அந்தத் தண்ணீரின் மேல்தான் நின்றது. சொன்னால் நம்பமாட்டீர்கள், நன்றாகவே இருந்தது. கண்ணை மூடிக் கேட்டேன். தண்ணீருக்குள் யாரோ விசும்பினார்கள்.

அந்த விசும்பல் எனக்குத் தெரியும். ஒரே போர்வைக்குள் வளர்ந்தவர்கள் நாங்கள்.

"அத்தான், இது அக்கா."

"குழாய்தாம்மா. கதவுக்கு வெளிய நின்னு எடுத்தேன்" என்றவர் மறுபடி போட்டுக் கேட்டார். இன்னொரு தடவையும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது. "என் இயர்போன்ல இது கேக்கவே இல்லியே..."

"ஊர்ல இருக்கற கதவெல்லாம் கேக்குது, இது மட்டும் கேக்கலியா?" ஆத்திரம் தாங்காமல் கத்திவிட்டேன்.

குழாயை எடுத்துவிட்டால் இத்தனை வருஷ உழைப்பு பொத்தென்று விழுந்துவிடும். விட்டுவைத்தால் அக்காவின் அழுகையை ஊரே உட்கார்ந்து கேட்கும். அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எடுப்பார், கேட்பார், திரும்பச் சேர்ப்பார். வெளியே நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அதற்குள் அக்கா வந்துவிட்டாள். அத்தான் அவளை மட்டும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இதக் கேளு. வேண்டாம்னா எடுத்துடறேன்."

அக்கா நின்றபடியே கடைசிவரை கேட்டாள். உள்ளேயே இருந்த நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.

"நான் அழறது உங்க காதுல விழ இவ்ளோ பெரிய ஸ்பீக்கர் தேவைப்பட்டுதா?" என்றாள்.

வெளியே கதவைத் தட்டினார்கள். அத்தான் மெஷினை நிறுத்தினார். கதவைத் திறக்கப் போகவில்லை.

"ஏம்மா அழுத?" என்று கேட்டார்.