ஆறு மணிக்குள் திரும்ப வேண்டிய சைக்கிள்

லிஃப்ட் மெக்கானிக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று அவர் சொன்னதில்லை, வேண்டும் என்று கேட்டதுமில்லை. ஐம்பத்தாறு வயதானபோது அக்காகூட அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். ஊரில் முக்கால்வாசிக் கட்டடங்களின் லிஃப்ட்களை அவர்தான் பார்த்துக்கொண்டார். அவர் குடியிருந்த கட்டடத்தில் மட்டும் லிஃப்ட் கிடையாது. மூன்று மாடி ஏறி வந்து அவர் மூச்சு வாங்கும்போது, "உங்க கைராசி உங்க வீட்டுக்கு மட்டும் இல்லையே" என்று கீழ் வீட்டுக்காரர் சிரிப்பார்.

இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்ட்டுக்குள் யாராவது மாட்டிக்கொண்டால், கதவுக்கு வெளியே நின்று பேச்சுக் கொடுப்பதும் அவர் வேலையில் சேர்ந்ததுதான். "பயப்படாதீங்க, உள்ள காத்து வரும். நான் இங்கதான் நிக்கிறேன்" என்பார். உள்ளே இருப்பவர்கள் என்னென்னவோ சொல்வார்கள். மாமியார் சண்டையைச் சொன்னவர்கள் உண்டு, அழுதவர்கள் உண்டு. கதவு திறந்ததும் விட்டால் போதும் என்று படியிறங்கி ஓடிவிடுவார்கள். யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அதில் அவருக்கு வருத்தமில்லை. மாட்டிக்கொண்டவர்களுக்கு வெளியே ஆயிரம் வேலை இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்.

அவருக்கென்று இருந்தது சைக்கிள் ஒன்றுதான். கீழே வளைந்த கைப்பிடியும் விரல் கனத்துக்கு டயரும் உள்ள நீல நிற ரேஸ் சைக்கிள். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஊரைச் சுற்றி வருவார். வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்காலம் முடிந்ததும் பத்து நாள் லீவு போட்டுவிட்டு, அந்த சைக்கிளைக் கழற்றிப் பைக்குள் வைத்து எடுத்துக்கொண்டு ஒரு கடலோர ஊருக்குப் போவார். ஊருக்கு முதுகுப் பக்கம் மலை. மலைமேல் வளைந்து வளைந்து போகும் நல்ல ரோடு.

பை அவர் நெஞ்சு உயரம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ரயில் ஏறுவதற்குள் உயிர் போய்விடும். ஆனால் பை வாசலை அடைத்துக்கொண்டு நின்றதும், யாராவது ஒருவர் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிடுவார்.

"உள்ள என்னங்க, ஆளா?"

"பாதி ஆளுதான். மீதி பாதி இதோ நிக்கிறேன்."

அங்கிருந்து பேச்சு ஆரம்பிக்கும். சைக்கிள் என்று தெரிந்ததும் ஒருவர் தான் விழுந்த கதையைச் சொல்வார், இன்னொருவர் முழங்கால் தழும்பைக் காட்டுவார். ஒருமுறை ஒரு தையல்காரர் தன் மகள் வீட்டை விட்டுப் போனதுவரை சொல்லிவிட்டு, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டார்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மெக்கானிக்கின் வலது தோள் இறுகிப்போனது. சட்டை மாட்டவே கை மேலே போகவில்லை. ஆறு மாதம் கனம் எதுவும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அக்கா வேறு ஊரில் இருந்தாள், மாதம் ஒருமுறை போன் செய்வாள்.

"அந்தப் பொதிமூட்டையத் தூக்கிட்டு அலையாதடா. அங்கயே வாடகைக்குக் கிடைக்கும். கைய வீசிட்டுப் போய்ட்டு வா" என்றாள்.

நியாயமான பேச்சு. அப்படியே கிளம்பினார். இடது தோளில் ஒரு சின்னப் பை, அதில் நான்கு துணி. ரயிலில் ஏறியதும் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எதிரே இருந்தவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார், பக்கத்தில் இருந்த பெண்மணி தூங்கினாள். ஆறு மணி நேரப் பயணத்தில் அவரிடம் யாரும் பேசவில்லை. நடுவில் ஒருவர் மட்டும், "ஜன்னலை மூடிக்கட்டுமா?" என்று கேட்டார். "ம், மூடுங்க" என்றார் மெக்கானிக். இறங்கும்போதுதான் இத்தனை வருஷமும் மனிதர்கள் தன்னோடு பேசவில்லை, பையோடுதான் பேசினார்கள் என்று அவருக்குத் தோன்றியது. கை இரண்டும் காலியாக இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார்.

வாடகை சைக்கிள் கடை கடற்கரைத் தெருவின் கோடியில் இருந்தது. கடைக்கார அம்மாவுக்கு அறுபது வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். விரல் நகங்களில் செயின் கிரீஸ் கறுப்பு. அவரைச் சுவரோரம் நிற்க வைத்துக் காலை அளந்தாள், சீட்டை ஏற்றி இறக்கினாள், ஏறி உட்காரச் சொன்னாள்.

"எந்தப் பக்கத் தோள் சார் வலி?"

"எப்படித் தெரியும்?"

"வலது கைய மடக்கியே வெச்சிருக்கீங்க. கைப்பிடியக் கொஞ்சம் தூக்கி வெக்கிறேன். குனிய வேணாம்."

அப்புறம் ஒரு படிவத்தை எடுத்தாள். பெயர், விடுதி, உயரம் எல்லாம் எழுதியாயிற்று. கடைசியில், அவசரத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் வேண்டும் என்றாள். அவர் அக்காவின் நம்பரைச் சொன்னார்.

"இங்கயா இருக்காங்க?"

"இல்லம்மா, ஒரு நாள் பயணம். காதும் கொஞ்சம் மந்தம்."

"பக்கத்துல வேற யாரும்?"

கம்பெனி மேலாளர் நினைவுக்கு வந்தார், கீழ் வீட்டுக்காரர் வந்தார். இரண்டு பேரும் இதற்கென்று கிளம்பி வரக்கூடியவர்கள் இல்லை. அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி விடுங்க, கடை நம்பரையே போட்டுக்கறேன்" என்று எழுதிக்கொண்டாள். "சாயங்காலம் ஆறு மணிக்குள்ள வந்துடுங்க. வண்டி வந்தப்புறம்தான் நான் கடைய மூடுவேன்."

வாடகை சைக்கிள் அவருடையதைவிட உசத்தி. பஞ்சுபோல் இருந்தது, கியர் சத்தமே இல்லாமல் மாறியது. பிரேக்தான் தொட்டாலே பிடித்தது. கைப்பிடியில் சுற்றியிருந்த பட்டை சில இடங்களில் வழவழவென்று தேய்ந்திருந்தது. யார் யாரோ பிடித்த இடம். முதல் நாள் பாதி மலை ஏறிவிட்டு ஐந்தரைக்குத் திரும்பினார்.

அந்த அம்மா சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "எதுவரைக்கும் போனீங்க?"

"அந்த மூணாவது வளைவு வரைக்கும்."

"அங்க நாய் இருக்குமே, துரத்துச்சா?"

"எழுந்து பாத்துச்சு. இது தேறாதுன்னு படுத்துக்கிச்சு."

அவள் சிரித்தாள். விடுதிக்கு நடந்து போகும்போது அவருக்கு ஒன்று உறைத்தது. பதினைந்து வருஷமாக அந்த மலையில் ஏறியிருக்கிறார். சாயங்காலம் விடுதிக்கு வந்து அறைச் சுவரில் சைக்கிளைச் சாய்த்து வைப்பார். எதுவரைக்கும் போனீங்க என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் மலைக்கு அந்தப் பக்கம் பின்சக்கரம் பங்க்சர் ஆகிவிட்டது. ஒற்றைக் கையால் டயரை நெம்பி, ட்யூபை மாற்றிக் காற்றடித்து முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. கடற்கரைத் தெருவுக்குள் திரும்பியபோது மணி ஏழாகப் பத்து நிமிஷம். கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அந்த அம்மா தெருவில் இறங்கி நின்று, கையைப் புருவத்தில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடி எதாவது பட்டுச்சா?"

"இல்லம்மா. பங்க்சர்."

"போன் எடுக்கலயே."

"அங்க சிக்னல் இல்ல."

"உங்க அக்காவுக்குப் பேசலாமான்னு பாத்தேன். பயந்துடுவாங்கன்னு விட்டுட்டேன்." அவள் சைக்கிளை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போனாள். தனக்காக ஒருவர் தெருவில் நின்று அவர் பார்த்து நெடுங்காலம் ஆகியிருந்தது.

மறுநாள் அவர் செய்ததை அவரே யாரிடமும் சொல்ல மாட்டார். ஐந்து மணிக்கே மலையிலிருந்து இறங்கிவிட்டார். நேரே கடைக்குப் போகாமல் ஊர் எல்லையில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்தார். ஆறு அடித்தது. இன்னொரு டீ வாங்கினார். ஆறரைக்குத்தான் கிளம்பினார்.

அவள் தெருவில் நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னிக்கும் பங்க்சரா?"

"இல்ல."

"பின்ன?"

"சும்மா... டீக்கடையில உக்காந்துட்டேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

"சார், எனக்கு முட்டி தேய்ஞ்சு போச்சு. ரொம்ப நேரம் நிக்க முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒருத்தர் போனவர் போனவர்தான், மலையில விழுந்து கெடந்தாரு. அதுலேருந்து ஒரு வண்டி லேட்டானாலும் எனக்கு உள்ள உக்கார முடியறதில்ல. வேணும்னே லேட் பண்ணாதீங்க."

அவர் சைக்கிளைத் தானே உள்ளே தள்ளி நிறுத்திவிட்டுக் கிளம்பினார். விடுதி அறையில் முகம் கழுவும்போது கண்ணாடியைப் பார்க்கவில்லை. மிச்ச நாள் எல்லாம் ஐந்து மணிக்கே சைக்கிளைக் கொண்டுவந்து விட்டார். அவள் வழக்கம்போல எதுவரைக்கும் போனீர்கள் என்று கேட்டாள். அவர் இரண்டே வார்த்தையில் பதில் சொல்லிவிட்டுக் கிளம்பினார். கடைசி நாளன்று, "அடுத்த வருஷம் வரதுக்கு முன்னாடி ஒரு போன் அடிங்க. இதையே எடுத்து வெக்கிறேன்" என்றாள்.

அடுத்த வருஷம் போன் செய்தார். எடுத்தது ஓர் ஆண் குரல். கடை கைமாறிவிட்டது, அந்த அம்மா மகள் வீட்டோடு போய்விட்டார் என்று சொன்னது.

"உங்க உயரம் சொல்லுங்க சார், சைக்கிள் இருக்கு."

"எத்தனை மணிக்குத் திருப்பிக் குடுக்கணும்?"

"நேரமெல்லாம் கெடையாது. வாசல்ல ஸ்டாண்டு இருக்கு. எப்ப வேணா பூட்டிட்டு, சாவியப் பெட்டியில போட்டுட்டுப் போய்ட்டே இருங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டார். தோள் முக்கால்வாசி தேறியிருந்தது. நீல சைக்கிளையே கழற்றி எடுத்துக்கொண்டு போனார். ரயிலில் வழக்கம்போல் ஆட்கள் பேசினார்கள், இறங்கிப் போனார்கள். மலையில் மூன்றாவது வளைவைத் தாண்டி உச்சிவரை ஏறினார். மேலே காற்று பலமாக இருந்தது. கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே இறங்கி விடுதிக்கு வந்தார். காலுறைகளைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுவிட்டு, நாளைக்கு எந்தப் பக்கம் போகலாம் என்று மேப்பைக் கட்டில்மேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.