இலை தேடி இரண்டாம் முறை பச்சைமலை

மே மாதக் கடைசி ஞாயிறு பச்சைமலையில் ஒரு பூவைப் பார்த்தேன். ஜூலைக் கடைசி ஞாயிறு அதற்கு இலை வந்திருக்கிறதா என்று பார்க்க மறுபடி போனேன். ஒரு செடிக்கு எதற்கு இரண்டு பயணம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நீங்களும் கேட்பீர்கள், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கோடை மழை இரண்டு பெய்திருந்த மே மாதம் அது. மரநிழலில் சருகைத் துளைத்துக்கொண்டு மூன்று தண்டுகள் நின்றன. சாண் உயரம்தான். ஒவ்வொன்றிலும் நாலைந்து பூக்கள் தலை கவிழ்ந்து தொங்கின. பச்சை கலந்த மஞ்சள், நடுவில் வெள்ளை இதழ், அதில் ஊதா நரம்புகள். எவ்வளவு தேடியும் ஓர் இலைகூட இல்லை. இலையே விடாமல் மட்கிய சருகை நம்பி வாழும் அபூர்வ ஆர்க்கிட் வகைகள் உண்டு என்று படித்திருந்தேன். சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. இது அதில் ஒன்றுதான் என்று அன்று மாலையே எங்கள் இயற்கை ஆர்வலர் வாட்ஸ்அப் குழுவில் படத்தோடு அறிவித்துவிட்டேன். நான் காப்பீட்டு அலுவலகத்தில் ஃபைல் புரட்டுகிறவள். குழு தயாரிக்கும் மலைத் தாவரப் பட்டியலில் 'கண்டவர்' என்று என் பெயர் வரும் என்ற நினைப்பே இனித்தது.

பிலோமினா மட்டும் பாராட்டவில்லை. காட்டூரில் இருக்கும் என் தோழி, கல்லூரியில் தாவரவியல் ஆசிரியை. போனில் கூப்பிட்டாள்.

"கீதா, ஓரிலைத்தாமரைன்னு ஒண்ணு இருக்கு. பூ மொதல்ல வந்துட்டுப் போயிடும். அது காஞ்சப்புறம்தான் ஒரே ஒரு இலை வரும். அதைப் பாத்துட்டுப் பேர் வைப்போமே."

"வராது, நீ வேணா பாரு" என்றேன். அவள் பேச்சைக் கேட்டுக் குழுவும் ஜூலை வரை பொறுக்கலாம் என்றது. எனக்குச் சுருக்கென்றது.

ஸ்ரீரங்கத்தில் காலை 5.15க்கு டவுன் பஸ். சத்திரம் பேருந்து நிலையத்தில் பிலோமினா இட்லிப் பொட்டலத்தோடு நின்றாள். 5.50க்குத் துறையூர் பஸ், சுமார் 45 கிலோமீட்டர், 7.10க்கு இறங்கினோம். அங்கே டீ குடித்துவிட்டு 7.40க்கு மலைக்குப் போகும் பஸ். ஜன்னலோரம் பிடியுங்கள், ஆனால் வளைவுகளுக்கு முன் இட்லியை முடித்துவிடுங்கள். 9.15க்கு மேலே சேர்ந்தோம். மே மாதம் வந்த அதே ஆட்டோக்காரர் முருகேசன், காத்திருப்பதும் சேர்த்து 500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார். மரவள்ளிக் காடுகளைத் தாண்டி ஆறு கிலோமீட்டர். ஆட்டோ நின்ற பிறகு எவ்வளவு நடந்தோம், எந்தப் பக்கம் என்று மட்டும் சொல்லப் போவதில்லை. இந்தச் செடியின் கிழங்கை மருந்துக்காகத் தோண்டுகிறவர்கள் இருக்கிறார்கள். முருகேசனும் கூடவே வந்தார்.

மூன்று தண்டுகளின் அருகிலும் அடையாளத்துக்குக் கூழாங்கல் வைத்திருந்தேன். முதல் கல்லருகே இலை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. "பாத்தியா!" என்றேன். ஜெயித்துவிட்ட துள்ளல் குரலிலேயே தெரிந்திருக்கும்.

"அக்கா, இங்க ஒண்ணு இருக்குங்க" என்றார் முருகேசன், மூன்றாவது கல்லருகே நின்று.

உள்ளங்கை அகலத்தில் ஒற்றை இலை, விசிறி மடிப்புகளோடு. பக்கத்திலேயே காய்ந்த பூத்தண்டு. பிலோமினா மண்டியிட்டு, இரண்டு சருகை மட்டும் நகர்த்தி, இலையும் தண்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றனவா என்று அடியில் பார்த்தாள். பார்த்ததும் சருகுகளை இருந்த இடத்திலேயே வைத்தாள். "ஓரிலைத்தாமரைதான்" என்றாள். இந்த மலையில் அவளும் பார்ப்பது இதுதான் முதல் முறையாம்.

தோற்றதைக்கூட விழுங்கியிருப்பேன். அவள் எழுந்து முதல் கல்லருகே போய், "இங்க சருகை யாரு கூட்டுனது?" என்று கேட்டாள்.

நான்தான். பூவைப் படமெடுக்கிற எங்களில் பலருக்கு இந்தப் பழக்கம் உண்டு. பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும் என்று செடியைச் சுற்றிக் கையால் கூட்டித் தள்ளிவிடுவோம். இரண்டு செடிகளைச் சுற்றி முழ அகலத்துக்குக் கூட்டியிருந்தேன். மூன்றாவதன் பூவைப் புழு கடித்திருந்தது. படத்துக்கு ஆகாது என்று அதைத் தொடவே இல்லை.

"காட்டுல வந்து வாசல் கூட்டியிருக்கீங்களேக்கா" என்றார் முருகேசன். கேலிதான், ஆனால் நான் சிரிக்கவில்லை. கூட்டிய இடம் வட்டமாக, வெயிலில் இறுகிக் கிடந்தது. குனிந்து பார்த்தேன். முதல் கல்லருகே ஊசி போல ஒரு முனை, கருகி நின்றது. விரியாமலே போன இலை. அழுகை வந்தது.

"கிழங்கு உயிரோட இருந்தா மறுபடி வரும். இப்ப சொல்ல முடியாது" என்றாள் பிலோமினா. மூவரும் சருகை அள்ளி வந்து அந்த வட்டங்களை மூடினோம்.

போகிறவர்களுக்கு: கோடை மழைக்குப் பிறகு பூவுக்கு ஒரு முறையும், ஜூலையில் இலைக்கு ஒரு முறையும் போங்கள். வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் போங்கள். கீழே இறங்கும் பஸ் பிற்பகல் 3.30க்கு. சருகு படத்தில் விழுந்தால் விழட்டும், அதுவும் செடியோடு சேர்ந்ததுதான்.

பட்டியல் சென்ற வாரம் வந்தது. ஓரிலைத்தாமரை, கண்டவர் என்று என் பெயர். எண்ணிக்கை மூன்று என்று போட்டிருந்தார்கள். ஒன்று என்று திருத்தச் சொல்லி எழுதினேன்.