கவருக்குள் வேர்வை

ஷர்லி தன் போனைப் பார்த்துக்கொண்ட லட்சணத்தைக் கண்டால் அவள் பெற்ற மகளுக்கே பொறாமை வரும். சர்க்கரை வாங்கிய பாலிதீன் கவரில் போட்டு, காற்றுப் புகாமல் முறுக்கி, ரப்பர் பேண்டு சுற்றி, ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள். போட்டோ எடுக்க மட்டும்தான் அது வெளியே வரும். வீட்டு அலமாரியிலும் கவரோடுதான் தூங்கும்.

காரணம் இல்லாமல் இல்லை. குன்றாண்டார்கோவிலுக்குப் பக்கத்து ஊரில் நூறு நாள் வேலைக்கு அவள்தான் பொறுப்பாளர். ஆட்கள் வேலைக்கு வந்ததற்குச் சாட்சி காலையில் ஒரு போட்டோ, மதியம் ஒரு போட்டோ. வேலை நடக்கும் கண்மாய்க்குள் டவர் கிடையாது. எடுத்தது போனிலேயே கிடக்கும்; சாயங்காலம் மெயின்ரோட்டுக்கு வந்துதான் ஏற்ற வேண்டும். நாலு மாதத்துக்கு முன் பழைய போன் மழையில் நனைந்து செத்தபோது, முப்பத்தெட்டுப் பேர் நாள் முழுக்க வெட்டிய மண் வெட்டாத மண்ணாகி, அன்றைய கூலியே போய்விட்டது. பெரியகருப்பன் என்ற பெரியவர் கடிந்துகூடப் பேசவில்லை. "விடு தாயி, நீ என்ன செய்வே" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவர் திட்டியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். அதற்கப்புறம் வாங்கியதுதான் இந்தப் புதுப் போன்.

அன்று வியாழக்கிழமை. மெயின்ரோட்டில் நின்று கவரைப் பிரித்தாள். போனுக்கு உயிர் வரவில்லை. பட்டனை அழுத்தி அழுத்தி விரல் வலித்ததுதான் மிச்சம். இரண்டு போட்டோவும் உள்ளே இருக்கின்றன; அன்றைக்குள் ஏற்றாவிட்டால் மறுபடியும் அதே கதை. வந்த பஸ்ஸில் புதுக்கோட்டைக்கு ஏறிவிட்டாள்.

சர்வீஸ் சென்டரில் இருந்த நிலவழகன் சிம் தட்டை உருவி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய சின்ன ஸ்டிக்கர் சிவந்து கிடந்தது.

"தண்ணி போயிருக்குங்க. வாரண்டி கெடையாது."

"தண்ணிப் பக்கமே கொண்டு போகலைங்க. கவர்ல கட்டியே வச்சிருக்கேன்."

"ஸ்டிக்கர் செவந்துருச்சே, நாங்க என்ன பண்றது?"

ஷர்லி விடவில்லை. பில்லைக் காட்டினாள், கவரைக் காட்டினாள், கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்வரை குரலை உயர்த்தினாள். நிலவழகன் ஒருவழியாக இறங்கி வந்தார்.

"லெட்டர் எழுதிக் குடுங்க, கம்பெனிக்கு அனுப்பிப் பாக்குறேன். மாத்திக் குடுத்தாலும் குடுப்பாங்க. பத்து நாள் ஆகும். ஆனா உள்ள இருக்குறது பூரா அழிஞ்சுரும்."

பேனாவைக் கையில் வாங்கிவிட்டாள். புதுப் போன் என்றால் ஷர்லிக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? ஆனால் மண்வெட்டியோடு நடந்துபோன பெரியகருப்பனின் முதுகு கண்ணுக்குள் வந்து நின்றது. அவர் மேலும் எரிச்சல் வந்தது, தன் மேலும் வந்தது. பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, போனைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

கீழராஜ வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் குணசேகரன் ரிப்பேர் கடை வைத்திருந்தார்.

"நான் தொறந்தா கம்பெனிக்காரன் இனி தொடவே மாட்டான். யோசிச்சுக்கங்க."

"தொறங்கண்ணே."

பின்மூடி பிரிந்தது. உள்ளே பொடிப்பொடியாக வெள்ளை பூத்திருந்தது.

"உப்பும்மா. வேர்வை எறங்கியிருக்கு. காத்துப் போகாமக் கட்டி, ஒடம்புச் சூட்டுல வச்சு அவிச்சிருக்கீங்க. சும்மா பைக்குள்ள கெடந்திருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்."

பொத்திப் பொத்தி வைத்தே கெடுத்திருக்கிறாள். அழுகை முட்டியது, அழ நேரமில்லை. குணசேகரன் பிரஷ்ஷால் தேய்த்தார், சூட்டுக் காற்று அடித்தார். முக்கால் மணி நேரம் ஷர்லி ஸ்டூலில் உட்காரவே இல்லை.

திரையில் வெளிச்சம் வந்தது. சார்ஜ் ஒன்பது. முதல் போட்டோ ஏறியது. இரண்டாவதற்கு வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. திரை மங்கியது.

"சீக்கிரம்மா, சூடாகுது!"

"கர்த்தாவே, இந்த ஒண்ணு மட்டும்" என்றாள் ஷர்லி. ஏறிவிட்டது. அவள் மூச்சு விடுவதற்குள் திரை அணைந்தது. குணசேகரன் என்ன செய்தும் அப்புறம் அது எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கணவரின் போனை இரவல் வாங்கி, துணிப்பையில் வாய் திறந்தபடி தொங்கவிட்டுக்கொண்டு கண்மாய்க்குப் போனாள். பெரியகருப்பன் எதிரே வந்தார்.

"நேத்துப் போட்டோ ஏறிருச்சா தாயி?"

"ஏறிருச்சுங்கய்யா."

"ஏறாம எங்கிட்டுப் போகும்? நீ போன வச்சுக்கிற பக்குவத்தப் பாத்துத்தான் நாங்களும் பழகிக்கிட்டோம்" என்று பெருமையோடு மடியை அவிழ்த்தார். அவருடைய போன் பாலிதீன் கவருக்குள் இருந்தது. மேலே மூன்று ரப்பர் பேண்டு. பின்னால் நின்ற பெண்களும் சிரித்துக்கொண்டே தங்கள் தங்கள் கவர்களை எடுத்துக் காட்டினார்கள்.

ஷர்லி அவர் கவரை வாங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தாள். உள்பக்கம் பொட்டுப் பொட்டாக நீர் கோத்திருந்தது.

"பிரிங்க! எல்லாரும் மொதல்ல அதப் பிரிங்க!"

அன்றைக்குக் காலைப் போட்டோ பத்து நிமிடம் தாமதமாகத்தான் எடுத்தார்கள். வேப்ப நிழலில் விரித்த துண்டின் மேல் முப்பது போன்கள் காய்ந்துகொண்டிருந்தன.