எண்பதில் கழன்ற பெல்ட்

நம்பாதவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. ஆனால் என் மகளின் வலது கையைப் பார்த்த டாக்டர் சாட்சி இருக்கிறார்.

என் ஜீப்புக்கு நாற்பது வயது. மலை, சேறு எதிலும் எருமை மாதிரி ஏறிவிடும். ஹைவேயில் மட்டும் அறுபதைத் தொட்டால், உட்கார்ந்திருப்பவரின் பொய்ப்பல் பக்கத்து வண்டிக்கே மாறிவிடும். ரிட்டயர் ஆன பிறகு சும்மா இருப்பேனா? ஐந்து கியர் பெட்டி, டிஸ்க் பிரேக், பவர் ஸ்டீயரிங் எல்லாம் போட்டேன். மகள் மசியவில்லை.

"பின்சீட்டுல பெல்ட் இல்லாம என் பொண்ண ஏத்த மாட்டேன்ப்பா. நாலு வயசுதான் ஆகுது."

வண்டி உடைக்கும் கடையில் ஒரு ஜோடி பெல்ட் கிடைத்தது. வலது பக்கத்துது புதுசு மாதிரி. இடது பக்கத்துது மாட்டிய நிலையிலேயே இறுகிக் கிடந்தது. கடைக்காரர் தூக்கிப் போடச் சொன்னார். நானா விடுவேன்! இரண்டு நாள் எண்ணெய் விட்டு, ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, கடைசியில் 'க்ளிக்' என்று திறந்துவிட்டேன். உள்ளிருந்து தண்ணீர் சொட்டியது. எண்ணெய் விட்ட இடத்தில் தண்ணீர்... அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, சுள்ளென்று வெயில். என் பக்கத்தில் மகள். பின்னால் வலது பக்கம் பேத்தி. இடது பக்கம் காலி.

10.40. வேகம் எண்பது. வண்டி வெண்ணெயாக வழுக்கியது.

"எப்படி உங்கப்பன்?"

"ரோட்டப் பாருங்கப்பா."

க்ளிக்.

பேத்தியின் பெல்ட் கழன்றிருந்தது. நிறுத்தி, மாட்டிவிட்டுக் கிளம்பினோம்.

10.52. மறுபடி எண்பது.

க்ளிக்.

"ஏய், கழட்டாதன்னு சொன்னேன்ல?"

"நான் இல்லம்மா. அக்கா."

"எந்த அக்கா?"

பேத்தி காலி இடத்தைக் காட்டினாள். "சீக்கிரம் போ, போங்கறா..."

அந்த இடம் நனைந்திருந்தது.

வண்டியை நிறுத்தினேன். மகள் பின்னால் போய் உட்கார்ந்து, பேத்தியின் பெல்ட் லாக்கை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். "வீட்டுக்குத் திருப்புங்கப்பா." சாலை நடுவில் தடுப்பு. திரும்ப இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போக வேண்டும். பயத்தில் என் கால் தானாக ஆக்ஸிலரேட்டரை அழுத்தியது.

11.07. எண்பது.

"அப்பா... யாரோ என் விரலப் பிரிக்கறாங்க."

சுண்டுவிரல்...

மோதிர விரல்...

நடுவிரல்...

முன்னால் போன லாரியின் டயர் வெடித்தது. டமார்!

பிரேக்கை மிதித்தேன்.

பெல்ட் தாங்கியது. பேத்திக்குக் கீறல்கூட இல்லை. மகளின் விரல்களில் இரண்டு மட்டும் இன்னும் லாக்கைப் பிடித்திருந்தன. கை முழுக்க வெளுத்து, சுருங்கி...

டாக்டர் கேட்டார்: "எத்தனை மணி நேரம்மா தண்ணியில இருந்தீங்க?"

மறுநாள் கடைக்காரரின் சட்டையைப் பிடித்தேன். "ஏன்யா சொல்லல?"

"நீங்க கேக்கலையே சார். எண்பதுல போய் ஏரியில விழுந்த கார் அது. பின்சீட்டுல அக்கா, தங்கச்சி. தண்ணி ஏற ஏற, பெரியவ சின்னவளோட பெல்ட்டக் கழட்டி ஜன்னல் வழியா தள்ளிட்டா. சின்னது பொழச்சுது. பெரியவளோடது கடைசி வரைக்கும் கழலல. உடம்ப பெல்ட்டுக்கு அடிவழியா உருவித்தான் எடுத்தாங்க."

கழலாத அந்த லாக்கை, இரண்டு நாள் மெனக்கெட்டுத் திறந்துவிட்டவன் நான்தான்.