கிணற்றில் கரைத்த மாத்திரை

காஜா பேராங் வட்டாரத்தில் பூங்காவனத்தைக் கல்நெஞ்சுக்காரி என்றுதான் பேசிக்கொண்டார்கள். புருஷன் மருதமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து பதினாறு நாளாகியும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. ஊர்வாய்க்கு என்ன! அழுதால் நடிப்பு என்னும், அழாவிட்டால் கல் என்னும். அவளுக்குள் எல்லாம் மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான்.

ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவள், டவுனுக்கு வந்தபின் நாலு வீட்டுக்குத் துணி துவைத்தாள். தினமும் ஆஸ்பத்திரியில் கொடுத்த இருதய மாத்திரையைப் புருஷன் கையில் வைத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவாள்.

கருமாதி முடிந்த மத்தியானம் அவருடைய துணிமணிகளை எடுத்தபோது, பெட்டியின் அடியில் ஒரு பால்டின் இருந்தது. டின் நிறைய மாத்திரை. குமட்டுகிறது என்று முனகிக்கொண்டே இருந்த மனுஷன், விழுங்கியதாகப் பாவனை காட்டிப் பதுக்கியவை. கோபம் வந்திருக்க வேண்டும். அதுவும் வரவில்லை.

உயிர் காக்க வந்த மருந்தைக் குப்பையில் எறிய அவளுக்கு மனம் ஒப்பவில்லை. பூஜை முடிந்ததும் மஞ்சள் பிள்ளையாரைக் கால்படாமல் கிணற்றில் கரைப்பது வழக்கம். மாத்திரைகளையும் அப்படியே நசுக்கிப் பொடியாக்கி, கும்பிட்டுவிட்டு அதே கிணற்றில் கொட்டினாள். மூன்று வீட்டுக்குப் பொதுவான கிணறு அது. மழையில்லாமல் முழங்காலளவு தண்ணீர்தான் கிடந்தது.

மறுநாள் காலையில் பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி கத்தினாள்.

"அக்கா, மீனு மெதக்குது! அண்ணன் விட்ட மீனு!"

கொசுப்புழுவைத் தின்ன மருதமுத்து விட்டிருந்த கெண்டை. மூன்று வருஷமாகத் தெம்பாகத் திரிந்தது, இப்போது வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பாக்கியலட்சுமியின் இடுப்பில் எட்டு மாதக் குழந்தை. கையில் அதன் பாலுக்குத் தண்ணீர் மொள்ள வந்த செம்பு.

வாயை மூடிக்கொண்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. பூங்காவனம் செம்பைப் பிடுங்கினாள்.

"வேணாம் பாக்கியம். நேத்து நான் உங்க அண்ணனோட மாத்திரையெல்லாம் இதுல கரைச்சிட்டேன்."

"ஐயோ! சாயங்காலம் இந்தத் தண்ணியிலதானே புள்ளைக்குப் பால் கலக்குனேன்!"

குழந்தையின் நெஞ்சில் தாய் காதை வைத்தாள். பிறகு பூங்காவனமும் வைத்துக் கேட்டாள். சீராகத்தான் துடித்தது. குழந்தை அவள் தலைமுடியைப் பிடித்து இழுத்துச் சிரித்தது.

பூங்காவனம் வாளியை இறக்கினாள். கிணற்றை வற்ற இறைத்துவிட வேண்டும். முதல் வாளியோடு லோங்காங் பக்கம் திரும்பினாள்.

"சாக்கடையில ஊத்தாதக்கா. அது நேரா நாகம்மா வூட்டு வாத்துக் குட்டைக்குப் போவுது."

"கொல்லையில?"

"கங்கோங் கீரை போட்டிருக்கே. அதத்தானே எல்லாரும் தின்னுறோம்?"

இரண்டு நாளில் நாட்டுக்குச் சுதந்திரம். ரோட்டோரம் ஆரவாரத்தோடு கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் எதுவும் பூங்காவனத்துக்குக் கேட்கவில்லை.

"இத அவருதான் முழுங்கியிருக்கணும்" என்றாள்.

ததும்பும் வாளியோடு, ஊற்ற இடமில்லாமல் நின்றாள்.